7 பிளேடு இம்பெல்லரில் மட்டும் இடைவெளி ஏன் தப்புகிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. வருஷக்கணக்காக விபிஏவில் (கேட், எக்செல் போன்ற மென்பொருள்களுக்கு உள்ளேயே ஓடும் நிரல் மொழி) ஓடிக்கொண்டிருந்த மேக்ரோவை, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் நிரலை, சி ஷார்ப், பைதான் போன்ற வேறு நிரல் மொழிகளுக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய பிறகு சிலருக்கு எரர் வருகிறது. சிலருக்கு எரர் எதுவும் வராமல் டிராயிங் மட்டும் தப்பாக வருகிறது. எனக்குக் கவலை தருவது இரண்டாவது வகைதான். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கோவை, பம்ப் கம்பெனியின் டிசைன் பிரிவிலிருந்து ஒரு வாசகர்

வணக்கம் மேடம். இம்பெல்லரின் (பம்புக்குள் சுழலும் பிளேடு சக்கரம்) பிளான் வியூவை, டிராயிங் மென்பொருளான ஆட்டோகேடில் வரைய எங்களிடம் ஒரு விபிஏ மேக்ரோ இருக்கிறது. பிளேடு எண்ணிக்கையைக் கொடுத்தால் ஒரு பிளேடை வரைந்து, காப்பி எடுத்து, சுற்றிலும் வைத்துவிடும். அதை வரிக்கு வரி சி ஷார்ப்புக்கு மாற்றினேன். 5, 6, 8 பிளேடு எல்லாம் சரியாக வருகிறது. 7 போட்டால் மட்டும் கடைசி பிளேடுக்கும் முதல் பிளேடுக்கும் நடுவில் இடைவெளி கூடிவிடுகிறது. கணக்கு அதே கணக்குதான். ஆட்டோகேடில் ஏதாவது கோளாறா?

பதில்: ஆட்டோகேட் நீங்கள் சொன்ன கோணத்தில்தான் பிளேடை வைத்திருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு பிளேடுகளுக்கு நடுவே கோணத்தை அளந்து பாருங்கள், 51 டிகிரி இருக்கும். கடைசி இடைவெளியை அளந்தால் 54 இருக்கும். எல்லா இடத்திலும் வந்திருக்க வேண்டியது 51.43.

விபிஏவில் 360ஐச் சாய்கோடு போட்டு 7ஆல் வகுத்தால், இரண்டும் முழு எண்ணாக இருந்தாலும் விடை தசமத்தோடு வரும். தசமம் வேண்டாம் என்றால் அங்கே எதிர்ப்பக்கம் சாய்ந்த கோட்டைப் போட வேண்டும். சி ஷார்ப்பில் இந்த இரண்டு வசதி கிடையாது. சாய்கோட்டின் இரண்டு பக்கமும் முழு எண் இருந்தால், மீதியைத் தூக்கி எறிந்துவிட்டு 51 என்று நிறுத்திவிடும். "விடையைத் தசம எண் வைக்கும் டபுள் வேரியபிளில்தானே வாங்குகிறேன்?" என்று நீங்கள் கேட்கலாம். வகுத்து முடிந்த பிறகுதான் அது டபுளுக்குள் போகிறது. போகும்போதே 51 ஆகிவிட்டது.

5க்கு 72 டிகிரி, 6க்கு 60, 8க்கு 45, 9க்குக்கூட 40. 1 முதல் 10 வரையுள்ள எண்களில் 360ஐ மீதியில்லாமல் வகுக்காதது 7 ஒன்றுதான். அதனால்தான் நீங்கள் போட்டுப் பார்த்ததெல்லாம் தேறி, 7 மட்டும் மாட்டியது. வைத்தியம் சின்னது: 360 என்பதை 360.0 என்று எழுதுங்கள். ஒரு பக்கம் தசமம் வந்துவிட்டால் விடையும் தசமத்தில் வரும்.

உங்கள் ஆபீசில் பழைய ஆட்டோலிஸ்ப் (ஆட்டோகேடுக்குள் ஓடும் நிரல் மொழி) கோடும் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். லிஸ்பும் சி ஷார்ப்பைப் போலத்தான், 51 என்று நிறுத்தும். இப்போதைய பைதான் 3 விபிஏவைப் போலத் தசமத்தில் கொடுக்கும். பழைய பைதான் 2 அப்படிக் கொடுக்காது.

வகுத்தலோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று, தசமத்தை முழு எண்ணாக்கும் இடங்கள். விபிஏவில் 2.7ஐ முழு எண்ணுக்கான இன்டிஜர் வேரியபிளில் போட்டால் சத்தமில்லாமல் 3 ஆகும். சி ஷார்ப்பில் அடைப்புக்குறிக்குள் 'இன்ட்' போட்டு மாற்றினால் அதே 2.7 வெட்டுப்பட்டு 2 ஆகும். சரிபாதி வரும்போது விபிஏவின் 'சிஇன்ட்' இரட்டை எண் பக்கம் சாயும்: 2.5க்கு 2, 3.5க்கு 4. குறை எண்களில் வேறொரு வித்தியாசம். விபிஏவின் 'இன்ட்' மைனஸ் 2.5ஐ மைனஸ் 3 ஆக்கும். பைதானின் 'இன்ட்' மைனஸ் 2 ஆக்கும். சென்டர் லைனுக்கு இடது பக்கம் உள்ள பாயின்ட்களை இப்படி முழு எண்ணாக்கினால், வலது பக்கம் சரியாக இருந்து இடது பக்கம் மட்டும் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்து நிற்கும்.

பழைய மேக்ரோவை அழித்துவிடாதீர்கள். 3 முதல் 12 பிளேடு வரை பழையதையும் புதியதையும் ஓட்டி, இரண்டிலும் கோணத்தையும் மையப்புள்ளிகளையும் எண்ணாக அச்சிட்டுப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். திரையில் டிராயிங்கைப் பார்த்து 51க்கும் 51.43க்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. டிராயிங் பேட்டர்ன் கடைக்குப் போய், மோல்டு எடுத்து, வார்ப்பு ஊற்றி, பேலன்சிங் மெஷினில் ஏற்றும்போதுதான் ஒரு பக்கம் கனம் சாய்வது தெரியும். அதற்குள் எத்தனை பேருடைய வேலை அதில் போயிருக்கும் என்பது ஃபவுண்டரி பக்கம் போய்வந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ஓசூர், ஜிக்ஸ் ஃபிக்சர் டிசைனர்

3டி டிசைன் மென்பொருளான சாலிட்ஒர்க்ஸின் மேக்ரோ ரெக்கார்டரில் பதிவு செய்த விபிஏ கோடை பைதானுக்கு மாற்றுகிறேன். ஃப்ரன்ட் பிளேனை செலக்ட் செய்யும் வரியிலேயே நின்றுவிடுகிறது. 'டைப் மிஸ்மேட்ச்' என்கிறது. எண் -2147352571, கடைசியில் 8 என்று ஒரு எண் இருக்கிறது. விபிஏவில் ஒன்றுமில்லை என்று சொல்லும் 'நத்திங்' இருந்த இடத்தில் பைதானின் 'நன்' போட்டதைத் தவிர வேறு எதையும் மாற்றவில்லை. அந்த வரியை விட்டுவிட்டு, ஃபைலின் தலைப்பைத் தரும் 'கெட்டைட்டில்' கூப்பிட்டால் ஸ்ட்ரிங்கை ஃபங்ஷன்போலக் கூப்பிட முடியாது என்கிறது. எதைத்தான் நம்புவது?

பதில்: எரரை எண்ணோடு முழுசாக எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி. பாதிப் பேர் "ஓடவில்லை" என்று மட்டும் எழுதுகிறார்கள், அதை வைத்துக்கொண்டு பதில் சொல்ல வழியில்லை. உங்களுக்கு வேண்டிய விடை அந்தக் கடைசி 8லேயே இருக்கிறது. எத்தனையாவது மதிப்பு பிடிக்கவில்லை என்று அது சொல்கிறது. பிளேனை செலக்ட் செய்யும் 'செலக்ட்பைஐடி2' ஒன்பது மதிப்பு கேட்கும்: பெயர், வகை, எக்ஸ், ஒய், இசட், அப்பெண்ட், மார்க், கால்அவுட், செலக்ட் ஆப்ஷன். எட்டாவது கால்அவுட், அதாவது நீங்கள் 'நன்' போட்ட இடம்.

பைதானுக்கும் சாலிட்ஒர்க்ஸுக்கும் நடுவில் விண்டோஸின் காம் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதன் வழியாகப் போகும் ஒவ்வொரு மதிப்பும், கூரியர் பார்சல் மேல் ஒட்டும் சீட்டைப் போல, தன் வகையைச் சொல்லும் ஒரு குறியோடு போகிறது. விபிஏவின் 'நத்திங்' போகும்போது "இது ஆப்ஜெக்ட், ஆனால் உள்ளே ஒன்றுமில்லை" என்ற குறியோடு போகும். பைதானின் 'நன்' போகும்போது "நல்" என்ற வேறு குறியோடு போகும். சாலிட்ஒர்க்ஸ் ஆப்ஜெக்ட் குறியை எதிர்பார்க்கிறது, அதனால் திருப்பி அனுப்புகிறது. ஆகவே குறியை நீங்களே போட்டு அனுப்புங்கள். பைதானை காமோடு இணைக்கும் வின்32காம் லைப்ரரியின் கிளையன்டில் 'வேரியன்ட்' என்று ஒரு வகை உண்டு. பைதான்காமின் 'விடி_டிஸ்பேட்ச்' குறியை முதலிலும் 'நன்'னை இரண்டாவதாகவும் கொடுத்து ஒரு வேரியன்ட் செய்து, அதை எட்டாவது இடத்தில் வையுங்கள். அந்த வரி ஓடிவிடும்.

அடுத்து நீங்கள் மாட்டப்போகும் இடத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஃபைலைத் திறக்கும் 'ஓப்பன்டாக்6' கடைசி இரண்டு இடங்களில் எரர் எண்ணையும் வார்னிங் எண்ணையும் நமக்குத் திருப்பி எழுதித் தரும். விபிஏவில் ஒரு லாங் வேரியபிளைக் கொடுத்தால் போதும், சாலிட்ஒர்க்ஸ் அதற்குள் எழுதிவிடும். பைதானில் வெறும் 0 கொடுத்தால் அதற்குள் யாரும் எதையும் எழுத முடியாது. இங்கேயும் வேரியன்ட்தான்: 'விடி_பைரெஃப்', 'விடி_ஐ4' இரண்டு குறிகளையும் சேர்த்து, தொடக்க மதிப்பு 0 கொடுங்கள். வேலை முடிந்ததும் அதன் 'வேல்யூ'வைப் படியுங்கள். படிக்காமல் விட்டுவிடாதீர்கள். மாடல் திறக்காமல் 'நன்' திரும்பி வந்தால் காரணம் அந்த எண்ணில்தான் இருக்கும். 2 என்றால் ஃபைல் அந்த இடத்தில் இல்லை. 8192 என்றால் உங்களிடம் இருப்பதைவிடப் புதிய வெர்ஷனில் சேவ் செய்த ஃபைல். கஸ்டமரிடமிருந்து வரும் ஃபைல்களில் இந்த 8192 அடிக்கடி வரும், அதைக் கோடில் எத்தனை நேரம் தேடினாலும் கிடைக்காது.

இனி 'கெட்டைட்டில்'. டிஸ்பேட்ச் மட்டும் போட்டு இணைக்கும்போது பைதானுக்கு அந்தப் பெயர் மெத்தடா (கூப்பிட்டு ஓட்டுவது) பிராப்பர்ட்டியா (வெறும் மதிப்பு) என்று தெரியாது. மதிப்பு எதுவும் கேட்காத சாலிட்ஒர்க்ஸ் மெத்தடுகளை அது பிராப்பர்ட்டி மாதிரி உடனே ஓட்டி விடையைக் கையில் கொடுத்துவிடுகிறது. டைட்டில் கைக்கு வந்த பிறகு நீங்கள் அடைப்புக்குறி போட்டால் அந்த ஸ்ட்ரிங்கைத்தான் கூப்பிடுகிறீர்கள். அடைப்புக்குறியை எடுத்துவிடுங்கள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. யாராவது அந்தக் கம்ப்யூட்டரில் வின்32காமின் மேக்பை கருவியை ஓட்டியிருந்தால் சாலிட்ஒர்க்ஸின் டைப் லைப்ரரி (எந்தப் பெயர் எந்த வகை என்ற பட்டியல்) பைதானின் கேஷில் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பிறகு பைதானுக்கு எது மெத்தட் என்று தெரியும், அப்போது அடைப்புக்குறி கட்டாயம். உங்கள் சீட்டில் ஓடும் ஸ்கிரிப்ட் பக்கத்து சீட்டில் ஓடாமல் போவதற்கு இதுதான் காரணம். எந்த வழி என்று உங்கள் குழுவில் முதலிலேயே முடிவு செய்து, எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேன் செலக்ட் ஆனதும் ஸ்கெட்ச் போடுவீர்கள் இல்லையா? உங்கள் டாக்குமென்ட் மில்லிமீட்டரில் இருந்தாலும் சாலிட்ஒர்க்ஸ் ஏபிஐக்கு (கோடிலிருந்து கட்டளையிடும் வழி) நீளம் என்றால் மீட்டர், கோணம் என்றால் ரேடியன். ரெக்கார்டர் எழுதிய கோடில் 50 மில்லிமீட்டர் 0.05 என்று இருப்பதைப் பாருங்கள். எக்செல்லிலிருந்து 50ஐ அப்படியே எடுத்துக் கொடுத்தால் 50 மீட்டரில் ஒரு கோடு போடும். திரையில் எதுவும் தெரியாமல் "செலக்ட் ஆகவில்லை" என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். 'ஜூம் டு ஃபிட்' கொடுத்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: சென்னை அம்பத்தூர் வாசகர்

அசெம்பிளியில் உள்ள பார்ட்களை எல்லாம் எடுக்க 'கெட்காம்போனன்ட்ஸ்' பயன்படுத்துகிறேன். விபிஏவில் ஒரு வேரியன்ட்டில் வாங்கி லூப் போட்டால் வந்துவிடும். சி ஷார்ப்பில் காம்போனன்ட்2 அரேயாக (மதிப்புகளின் வரிசை) மாற்றி வாங்கினால், கம்பைல் ஆகிறது, ஓடும்போது வகை மாற்ற முடியவில்லை என்று காஸ்ட் எரர் வருகிறது.

பதில்: சாலிட்ஒர்க்ஸ் திருப்பித் தருவது ஆப்ஜெக்ட்களின் அரே. உள்ளே இருப்பவை காம்போனன்ட்களாகவே இருந்தாலும், அரேயின் வகை ஆப்ஜெக்ட் அரேதான். அதை ஒரே மூச்சில் காம்போனன்ட்2 அரேயாக மாற்ற சி ஷார்ப் சம்மதிக்காது. முதலில் ஆப்ஜெக்ட் அரேயாக வாங்குங்கள். லூப்பின் உள்ளே ஒவ்வொன்றாக காம்போனன்ட்2 ஆக மாற்றுங்கள். எண்கள் மட்டும் வரும் அரேக்கள் டபுள் அரேயாக நேராகவே மாறும்.

விபிஏவில் ஆக்டிவ்டாக்கை வாங்கி அசெம்பிளி வேரியபிளில் 'செட்' போட்டுவிட்டால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். சி ஷார்ப்பில் ஒவ்வொரு மாற்றத்தையும் நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் இது தொல்லையாகத் தெரியும். எனக்கு இது பிடித்த குணம். பார்ட் திறந்திருக்கும்போது அசெம்பிளி மேக்ரோவை ஓட்டினால் முதல் வரியிலேயே பிடித்துக்கொடுத்துவிடும்.

காலி அசெம்பிளியில் அரேவுக்குப் பதிலாக நல் வரும், லூப்புக்கு முன் பார்த்துவிடுங்கள். சப்ரஸ் ஆன (அணைத்து வைத்த) பார்ட்டிடமும் லைட்வெய்ட்டாக (முழுசாக லோட் ஆகாமல்) ஏறியிருக்கும் பார்ட்டிடமும், அதன் மாடலைத் தரும் 'கெட்மாடல்டாக்2' கேட்டால் நல்தான் கிடைக்கும். உங்கள் பழைய விபிஏவில் இதற்கு எரர் வரவில்லை என்றால், எரர் வந்தாலும் அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' மேலே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அந்த மேக்ரோ கொடுத்த பில் ஆஃப் மெட்டீரியலில் (பார்ட் பட்டியல்) எந்தெந்த பார்ட் விட்டுப்போயிருக்கிறது என்று ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது. அந்த ஒரு வரியைப் புதிய கோடில் எந்த வடிவத்திலும் கொண்டுவராதீர்கள். சி ஷார்ப்பில் ஒன்றும் செய்யாத காலி 'கேட்ச்' போடுவதும் அதே தவறுதான்.

இன்னொன்று: விபிஏவின் லாங் 32 பிட். சி ஷார்ப்பில் அதற்குச் சமம் 'இன்ட்'. 'லாங்' என்று அதே பெயரைப் பார்த்துப் போட்டால் 64 பிட் ஆகிவிடும், 'ரெஃப்' கேட்கும் இடங்களில் கம்பைலர் மறுக்கும்.

கேள்வி: திருச்சி, ஃபேப்ரிகேஷன் டிராயிங் போடும் நிறுவனத்திலிருந்து

ஒரு ஃபோல்டரில் உள்ள ஆட்டோகேட் டிராயிங்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து டைட்டில் பிளாக் மாற்றும் பைதான் ஸ்கிரிப்ட். சில டிராயிங் வரை நன்றாகப் போகும். பிறகு 'கால் வாஸ் ரிஜெக்டட் பை காலீ' என்று நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு டிராயிங்கில் நிற்கிறது. இதே வேலையை விபிஏவில் செய்தால் இந்த எரர் வருவதே இல்லை. ரிவிஷன் தேதிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடவும் முடியவில்லை, 'ஆட்லைன்' பாயின்ட்டை ஏற்க மறுக்கிறது.

பதில்: வேறு வேறு டிராயிங்கில் நிற்கிறது என்பதிலிருந்தே டிராயிங் மேல் குற்றமில்லை என்று தெரிகிறது. விபிஏ ஆட்டோகேடின் உள்ளேயே உட்கார்ந்து ஓடுகிறது. ஆட்டோகேட் ஒரு வேலையை முடித்த பிறகுதான் அடுத்த வரிக்கு வரும். பைதான் வெளியே தனி புரோகிராமாக நின்று கூப்பிடுகிறது. பெரிய டிராயிங் ரீஜெனரேட் ஆகிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டால், "இப்போது முடியாது" என்று ஆட்டோகேட் திருப்பி அனுப்புகிறது. அந்த எரரின் எண் -2147418111.

அந்த எண்ணை மட்டும் பிடித்து, அரை விநாடி பொறுத்து, அதே அழைப்பை மறுபடி செய்யுங்கள். எத்தனை முறை என்று ஒரு வரம்பும் வையுங்கள். வேறு எண் வந்தால் பிடிக்காமல் நிற்க விடுங்கள், அது உண்மையான எரர். டிராயிங் திறந்ததும் 'கெட்ஏகேட்ஸ்டேட்' வாங்கி 'இஸ்குவைஸன்ட்' (ஆட்டோகேட் வேலையில்லாமல் இருக்கிறதா என்பது) ட்ரூ ஆகும் வரை காத்திருந்தால் மறுப்பு வெகுவாகக் குறையும். வரம்பு தாண்டியும் மறுத்துக்கொண்டே இருந்தால் ஆட்டோகேட் ஜன்னலைப் பாருங்கள். ஏதாவது ஒரு டயலாக் பாக்ஸ் உங்கள் பதிலுக்காகத் திறந்து நிற்கும். இரவில் ஓடவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இதை முதலில் தீர்த்துவிட்டுப் போக வேண்டும்.

டைட்டில் பிளாக் மாற்றுவது மட்டும்தான் வேலை என்றால் ஆட்டோகேட் 2013 முதல் கூடவே வரும் 'ஏசிகோர்கன்சோல்' பாருங்கள். திரை இல்லாமல், ஸ்கிரிப்ட் ஃபைலைப் படித்து வேலை செய்யும், டிராயிங் கூட்டத்துக்கு அதுதான் வேகம். ஆனால் அதில் ஆக்டிவ்எக்ஸ் (மேலே சொன்ன காம் வழி) கிடையாது. 'விஎல்ஏ' என்று தொடங்கும் லிஸ்ப் ஃபங்ஷன்கள் அங்கே ஓடாது.

வரையும் கோடு விஷயம் ஓசூர் வாசகருக்குச் சொன்னதன் தொடர்ச்சிதான். 'ஆட்லைன்' எதிர்பார்ப்பது மூன்று டபுள்கள் கொண்ட அரே. பைதான் டியூப்பிளை அப்படியே கொடுத்தால் பொதுவான வேரியன்ட்களின் அரேயாகப் போய்ச் சேர்கிறது. 'விடி_அரே', 'விடி_ஆர்8' இரண்டையும் சேர்த்த வேரியன்ட்டாகக் கொடுங்கள். இசட் 0 ஆனாலும் மூன்றாவது எண்ணை விடக்கூடாது. இதற்கென்று ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி வைத்துக்கொண்டால் கோடு, வட்டம், டெக்ஸ்ட் எல்லாவற்றுக்கும் அதுவே போதும்.

கேள்வி: சேலம் வாசகர்

எனக்கு எல்லோருக்கும் நேர்எதிர். கஸ்டமர் இடத்தில் பைதான் போட அனுமதி இல்லாததால் பைதான் கோடை விபிஏவுக்கு மாற்றுகிறேன். பிளேட்டின் பரப்பு 200 பெருக்கல் 200, அதை லாங் வேரியபிளில்தான் வாங்குகிறேன். 'ஓவர்ஃப்ளோ' என்கிறது.

பதில்: விபிஏ 200ஐ இன்டிஜர் என்று எடுத்துக்கொள்கிறது. அதன் உச்சம் 32,767. இரண்டு இன்டிஜரைப் பெருக்கினால் விடையையும் இன்டிஜராகவே வைக்கப் பார்க்கும், 40,000 அதில் கொள்ளாது. லாங்கில் வாங்குவதற்கு முன்பே உடைந்துவிடுகிறது. ஒரு 200க்குப் பின்னால் & குறி போடுங்கள், அது லாங் ஆகிவிடும். வேரியபிள்களாக இருந்தால் அறிவிக்கும்போதே லாங் என்றோ டபுள் என்றோ போடுங்கள். விபிஏவில் இன்டிஜர் என்று அறிவிக்க இன்று எந்தக் காரணமும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

'டிம்' போட்டு அரேவுக்கு 5 என்று கொடுத்தால் விபிஏவில் 0 முதல் 5 வரை ஆறு இடம் வரும். 'ஃபார்' லூப்பில் கடைசி எண்ணும் சேர்த்தியே ஓடும், பைதானின் 'ரேஞ்ச்' அதற்கு முன்பே நின்றுவிடும். எக்செல்லில் யாராவது எடையை 1,25,000 என்று கமாவோடு டெக்ஸ்ட்டாக அடித்திருந்தால் பைதான் எரர் கொடுத்து நிற்கும். விபிஏவில் டெக்ஸ்ட்டை எண்ணாக்கும் 'வேல்' முதல் கமாவில் நின்று 1 என்று படித்துவிட்டு அமைதியாகப் போய்விடும். அங்கே 'சிடிபிஎல்' பயன்படுத்துங்கள்.

கேள்வி: மதுரை மாணவர்

ஆட்டோகேட் கண் முன்னால் திறந்தே இருக்கிறது மேடம். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைப் பிடிக்கப் பைதானில் 'கெட்ஆக்டிவ்ஆப்ஜெக்ட்' போட்டால் 'ஆபரேஷன் அன்அவைலபிள்' என்கிறது.

பதில்: தம்பி, ஆட்டோகேடை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒன்று அட்மினாகவும் மற்றொன்று சாதாரணமாகவும் ஓடினால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. இரண்டையும் சாதாரணமாகவே திறங்கள்.

கேள்வி: கோவை, இன்னொரு வாசகர்

ஆட்டோகேட் 2024 வரை ஓடிய எங்கள் சி ஷார்ப் டிஎல்எல் (ஆட்டோகேடுக்குள் ஏற்றும் புரோகிராம் ஃபைல்), 2025ல் லோட் ஆக மறுக்கிறது. கோடில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

பதில்: ஆட்டோகேட் 2025, சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டின் 8வது வெர்ஷனுக்கு மாறிவிட்டது. 2024ல் இருந்தது பழைய டாட்நெட் ஃப்ரேம்ஒர்க் 4.8. புராஜெக்ட்டின் டார்கெட்டை மாற்றி, 2025க்கான ரெஃபரன்ஸ்களோடு மறுபடி பில்ட் செய்ய வேண்டும். பழைய வெர்ஷன் வைத்திருக்கும் கஸ்டமர்கள் இருந்தால் இரண்டு டிஎல்எல்லும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அதே கோடில் 'மார்ஷல்' வழியாக எக்செல்லைப் பிடிக்கும் 'கெட்ஆக்டிவ்ஆப்ஜெக்ட்' இருந்தால் பில்ட் அங்கே நிற்கும், புதிய டாட்நெட்டில் அது இல்லை. எக்செல் ஃபைலைத் திறந்து படிப்பது மட்டும்தான் தேவை என்றால், எக்செல் புரோகிராமைத் தொடாமல் ஃபைலை நேராகப் படிக்கும் லைப்ரரி ஒன்றுக்கு இந்தச் சமயத்திலேயே மாறிவிடுங்கள்.